மன்னிப்புக் கேட்டால் மரம் வருமா?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் பினாங்குக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தேவதைகள் காட்டைக் காப்பாற்றும் ஆங்கிலச் சாகசக் கதை வரிசை ஒன்றைத்தான் ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது ஏழாவது புத்தகம். நானும் ஒன்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன், இருபது பக்கத்தில் தூங்கிவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜம்பு மரம் இருக்கிறது. அதன் வேர் லோங்காங்கை, அதாவது வாசல் வடிகாலை, உடைத்துக்கொண்டு வருவதால் வெட்டிவிடலாம் என்று கணவர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். மரத்தில் தேவதை இருக்கிறது என்று இவள் இரண்டு நாள் அழுதாள். இப்போது மரத்துக்குக் கடிதம் எழுதி வைக்கிறாள், பாட்டில் மூடியில் சீனி வைக்கிறாள். கோயிலுக்குக் கூட்டிப் போய் மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்கிறார் மாமியார். பள்ளியில் நீலாம் புத்தகத்தில், அதாவது படித்த நூல்களைப் பதிவு செய்யும் ஏட்டில், அவள் எழுதியதற்குக் கீழே 'கதைச் சுருக்கமும் நன்னெறியும் எழுதுக' என்று சிவப்பு மையில் வந்திருக்கிறது. தேவதை நிஜமா என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? இந்தப் புத்தகங்களை நிறுத்திவிடலாமா? அவள் எழுதியவற்றின் நகலையும் ஒரு படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

பள்ளி ஆலோசகராக ஆவதற்கு முன் பினாங்கில் பல ஆண்டுகள் பள்ளி நூல்நிலையத்தைப் பார்த்துக்கொண்டவள் நான். நீலாம் புத்தகங்களை அடுக்கடுக்காகத் திருத்தியிருக்கிறேன். முயலும் ஆமையும் கதையைப் படித்த பிள்ளையும் 'இக்கதையின் வழி நாம் ஒற்றுமையாக வாழ வேண்டும்' என்று எழுதும். விண்வெளிக்குப் போன நாய்க்குட்டிக் கதையைப் படித்த பிள்ளையும் அதையே எழுதும். ஒருவர் எழுதியதைப் பார்த்து வகுப்பே எழுதியிருக்கும். நானும் சரி போட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மகள் எழுதியிருப்பது இது: "கடைசியில தேவதை ராணி அந்த மனுசங்கள மன்னிச்சிட்டாங்க. எனக்குப் பிடிக்கல. மன்னிப்புக் கேட்டா மரம் வருமா?"

மூன்றே வாக்கியம்தான். நான் இதை எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கதையை முடித்தவர் ஒரு முடிவு கொடுத்திருக்கிறார். ஒன்பது வயது வாசகி அதை ஏற்க மாட்டேன் என்கிறாள், காரணமும் சொல்கிறாள். நன்னெறி எங்கே என்று கேட்டால் இதற்கு மேல் என்ன நன்னெறி வேண்டும்? இரண்டாவது புத்தகத்துக்கு எழுதியிருப்பதும் நல்ல குறிப்புதான்: "தேவதைங்க எப்பவும் அழகாவே இருக்காங்க. மழையில நனைஞ்சாக்கூட." முப்பது வயது விமர்சகர் எழுதியிருந்தால் நாம் கைதட்டியிருப்போம்.

அமெரிக்கப் பேராசிரியை லூயிஸ் ரோசன்பிளாட் 1938-லேயே இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். விஷத்தைக் குடித்துவிட்ட பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா அந்த விஷப் புட்டியின் லேபிளைப் படிக்கிறாள் என்று ஓர் உதாரணம் சொல்வார். அவளுக்குத் தகவல்தான் வேண்டும், படித்து முடித்ததும் கையில் மிஞ்சுவதுதான் முக்கியம். கதையை அப்படிப் படிக்க முடியாது. படிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறதோ அதுதான் கதை. சுருக்கம் எழுது என்றால் பிள்ளை கதையை லேபிள் மாதிரி படிக்கக் கற்றுக்கொள்ளும்.

ஆசிரியரைக் குறை சொல்ல நான் வரவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், பதிவு செய்ய வேண்டிய கட்டங்கள், மேலே இருந்து கேட்கும் எண்ணிக்கை. சிவப்பு மை பெரும்பாலும் களைப்பில் வருவதுதான். சண்டைக்குப் போகாதீர்கள். அவர் கேட்ட சுருக்கத்தை மகள் நாலு வரியில் எழுதிக் கொடுக்கட்டும். வீட்டில் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், அதில் யாரும் திருத்த மாட்டார்கள் என்று சொல்லி. நீங்களும் திருத்தக்கூடாது. எழுத்துப்பிழை இருந்தாலும்.

அதில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டால், இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்து பிறகு எழுத்தாளரான எய்டன் சேம்பர்ஸ் பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னவை கைகொடுக்கும். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை, எதற்கும் எதற்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றியது. அவ்வளவுதான். அவர் இன்னொன்றும் சொன்னார்: "ஏன்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அது இன்னும் பொருந்தும். "ஏன் பிடிக்கல?" என்று அம்மா கேட்டாலே பிள்ளைக்கு ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி முகம் சுருங்கிவிடும். "அதைக் கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, நம்புகிறாளா என்ற கேள்வி.

நீங்கள் அனுப்பிய கடிதங்களில் இரண்டாவது: "நீ சீனி சாப்பிடல. எறும்பு சாப்பிட்டிருச்சு. பரவாயில்ல, அதுக்கும் பசிதானே." முழுக்க நம்புகிற பிள்ளை, சீனி குறைந்திருந்தால் தேவதை சாப்பிட்டுவிட்டது என்றுதான் சொல்லும். இவள் குனிந்து பார்த்திருக்கிறாள். எறும்பைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிவிட்டு, விளையாட்டையும் விடவில்லை. அதோடு, வைத்தது சமையலறைச் சீனியைத்தானே தவிர, அவளுடைய சாக்லேட்டை அல்ல என்பதையும் கவனியுங்கள்.

மூன்று நான்கு வயதிலேயே பிள்ளைகளுக்கு நிஜத்துக்கும் பாவனைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. மண்ணில் சோறு ஆக்கித் தரும் பிள்ளை அதை நீங்கள் நிஜமாக வாயில் போட்டால் பதறிப்போகும், பார்த்திருப்பீர்கள். குழம்புவது பல நேரம் பெரியவர்கள்தான்.

அதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1917-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு சகோதரிகள், ஒன்றுவிட்ட உறவு. எல்சிக்குப் பதினாறு வயது, பிரான்சிஸுக்கு ஒன்பது, உங்கள் மகள் வயது. வீட்டுக்குப் பின்னால் ஓடையில் போய் விளையாடி ஈரக் காலோடு வருவதற்காகத் திட்டு வாங்குவாள் சின்னவள். தேவதைகளைப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். நிரூபிக்க அப்பாவின் கேமராவை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு புத்தகத்துப் படங்களைப் பார்த்துக் காகிதத்தில் தேவதைகளை வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் செடியில் குத்திவைத்துப் படம் எடுத்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விளையாட்டு. ஆனால் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அதை நம்பி, 1920-இல் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். அவ்வளவு பெரிய மனிதர் நம்பிவிட்ட பிறகு, அது காகிதம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. 1983-இல்தான் ஒப்புக்கொண்டார்கள், பாட்டிகளாகி. ஐந்தாவது படம் மட்டும் நிஜம் என்று பிரான்சிஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் என்பது தனிக் கதை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில தாய்மார்கள் அன்பு மிகுதியால் ஒன்று செய்கிறார்கள். இரவில் எழுந்து தேவதை எழுதிய மாதிரி குட்டி எழுத்தில் பதில் எழுதி மரத்தில் வைத்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இப்போது அவள் கையில் இருக்கும் விளையாட்டு அன்றோடு உங்கள் கைக்கு வந்துவிடும். அவளும் உண்மை தெரிந்த பிறகு உங்களுக்காக நம்புவதுபோல் நடிக்க வேண்டியிருக்கும். பதில் எழுத ஆசையாக இருந்தால் 'அம்மா' என்று கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். தேவதை நிஜமா என்று நேராகக் கேட்டால், "உனக்கு என்ன தோணுது?" என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு வேறு எங்கோ போய்விடும். இல்லை, சொல்லு என்று பிடித்துக்கொண்டால், "நான் பார்த்ததில்லம்மா, கதையிலதான் படிச்சிருக்கேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளை உடைந்துபோக மாட்டாள்.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. தூக்கம் கெடுவது, தோழிகளை அடியோடு விலக்குவது, யாரோ தன்னை இதைச் செய் அதைச் செய் என்று மிரட்டுவதாகச் சொல்வது, சாப்பாடு குறைவது. இவற்றில் ஏதாவது சில வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மாமியார் கயிறு கட்டட்டும். கயிற்றால் ஒரு கெடுதியும் இல்லை, பாட்டி கை பட்ட கயிறு. ஆனால் கட்டும்போது "உன்ன மரத்துல இருக்கிறது புடிச்சிருச்சு" என்று சொல்லாமல் இருக்க வேண்டும். கதையில் வந்தது விளையாட்டு. பாட்டி சொன்னால் அது பயம். இதை நீங்கள் மாமியாரிடம் சொன்னால் சண்டை வரும், உங்கள் கணவர் சொல்லட்டும்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு கறிவேப்பிலை பறிக்க விடுவாரா உங்கள் மாமியார்? என் அம்மா விடமாட்டார். "மரம் தூங்குது, எழுப்பாதே" என்பார். காட்டில் ஒதுங்கும்போது "டத்தோ, நேனெக்" என்று மலாய்க்காரர்கள் அனுமதி கேட்பதைப் பார்த்து நம் தோட்டப்புற ஆட்களும் தாத்தா பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஒதுங்குவார்கள். மரத்துக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று பேத்தி சொன்னால் மந்திரிக்க வேண்டும், பாட்டி சொன்னால் அது பழக்கம், இல்லையா? பாட்டியை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சின்ன வயதில் எந்த மரத்துக்குப் பயந்தார், எந்த மரத்தில் ஏறினார் என்று கேட்கச் சொல்லுங்கள். ஏழு புத்தகத்தில் இல்லாதது அங்கே கிடைக்கும்.

மரம் தூங்குவதும் பொய் இல்லை. பினாங்கில் பழைய சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை மலாயில் 'பொக்கோக் புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி மரம். சாயங்காலம் ஆனால் இலைகள் மடங்கிவிடும், மழை மூட்டம் போட்டாலும் மடங்கும். இலையின் அடியில் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கிறது. அதன் உயிரணுக்களுக்குள் நீர் ஏறுவதும் இறங்குவதும்தான் இலையை விரிக்கிறது, மடக்குகிறது. தொட்டாற்சிணுங்கியிலும் இதே வேலைதான், அங்கே வேகமாக நடக்கிறது. ஒரு நாள் நாலரை மணிக்கு நாற்காலி போட்டு அந்த மரத்தடியில் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். தேவதைதான் மடக்குகிறது என்று அவள் சொன்னால் சொல்லட்டும். நீரையும் சொல்லுங்கள். ஒன்பது வயதுத் தலையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அவள் வரைந்த படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு குறை தோன்றியது. மரம் ஜம்பு மரம், ஆனால் தேவதை தலையில் ஓக் விதையின் தொப்பி. காலடியில் நீலமணிப் பூக்கள். அவள் பார்த்தே இராத இங்கிலாந்துச் செடிகள். அவள் மேல் தப்பில்லை, புத்தகத்தில் அதுதான் இருக்கிறது. 2002-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதியது ஞாபகம் வருகிறது: பிரிட்டனில் எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான் உருவங்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைப் பெயர் சொன்னார்கள், தங்கள் ஊர்ச் செடி, பூச்சி, பறவைகளில் ஏறக்குறைய பாதியைத்தான் சொல்ல முடிந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே அந்தக் கதி. ஆனால் நான் அதை நல்ல செய்தியாகத்தான் படிக்கிறேன். பிள்ளைகளால் நூற்றுக்கணக்கான பெயர்களை நினைவில் வைக்க முடிகிறது, யாராவது ஆசையோடு சொல்லிக் கொடுத்தால்.

1923-இல் பூத்தேவதைகள் புத்தகத்தை வெளியிட்ட சிசிலி மேரி பார்க்கர் என்ற ஓவியர் நிஜப் பூவை எதிரில் வைத்துக்கொண்டுதான் வரைவார். கிடைக்காத பூவை லண்டன் கியூ தோட்டத்துப் பணியாளர்கள் கொண்டுவந்து கொடுப்பார்களாம். தேவதையின் முகம்கூட நிஜம்தான், அவருடைய அக்கா நடத்திய பாலர் பள்ளிப் பிள்ளைகள். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிவிட்டு, கீழே உதிர்ந்து கிடக்கும் ஜம்புப் பூவைக் கையில் கொடுங்கள். நூல்நூலாக வெள்ளையாக விரிந்திருக்கும். தேவதைப் பாவாடை ஏற்கெனவே தைத்துத்தான் விழுகிறது.

ஒரு சனிக்கிழமை ஃபெர்ரி ஏறி அக்கரைக்கு, பினாங்குத் தீவுக்கு வாருங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் வரை வந்திருப்பீர்கள். இன்னும் கொஞ்சம் தூரம் போனால் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. அங்கே நாகலிங்க மரம் இருக்கிறது. கிளையில் பூக்காமல் அடிமரத்திலேயே பூக்கும், உள்ளே லிங்கம், மேலே படம் எடுத்த பாம்பு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரத்தில் நம் ஆட்கள் சிவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பூவைப் பார்த்துக் கதை கட்டுவது உங்கள் மகளோடு தொடங்கிய பழக்கம் அல்ல. (கையில் சாப்பாட்டுப் பை வேண்டாம், குரங்குகள் நம்மைவிடக் கெட்டி.)

இப்போது ஜம்பு மரம். எல்லாவற்றையும் சுற்றிவிட்டு இங்கேதான் வர வேண்டும், ஏனென்றால் அவள் எழுதிய கேள்வி புத்தகத்தைப் பற்றியது மட்டுமல்ல. மன்னிப்புக் கேட்டா மரம் வருமா என்று அவள் எழுதிய தேதியைப் பாருங்கள். உங்கள் கணவர் மரம் வெட்டும் ஆளை முதன்முதலாக அழைத்து வந்ததற்கு அடுத்த நாள் என்று உங்கள் கடிதத்திலிருந்து கணக்குப் போட்டேன். தேவதை ராணியிடம் கேட்டமாதிரி எழுதி அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

லோங்காங் உடைந்தால் மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும், அது அப்பாவின் நியாயம். வேரை ஓரளவு வெட்டிவிட்டு மரத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள். முடியாது என்றால் முடியாது என்று அவளிடம் சொல்லுங்கள். பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் வெட்டிவிட்டு, "தேவதை வேற மரத்துக்குப் போயிருச்சு" என்று சொல்வதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். உடைந்த லோங்காங்கை அப்பா அவளுக்குக் காட்டட்டும். அவள் கோபப்படட்டும். மன்னிக்காமலும் இருக்கட்டும், கொஞ்ச நாளைக்கு.

அவள் கேள்விக்கு ஒரு பதிலும் இருக்கிறது: வரும், முன்னாலேயே ஏற்பாடு செய்தால். ஜம்பு பதியத்தில் நன்றாக வரும். நல்ல கிளை ஒன்றில் பட்டையை ஒரு வளையமாகச் சீவி எடுத்து, ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்துப் பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டிவிட்டால் சில வாரங்களில் வேர் பிளாஸ்டிக்குள் தெரியும். வெள்ளை வேர் பழுப்பானதும் வெட்டித் தொட்டியில் வைக்கலாம். அதுவரை மரம் வெட்டும் ஆளைக் காத்திருக்கச் சொல்லுங்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து கட்டட்டும்.

அந்தத் தொட்டிச் செடி வரும்போது அவளுக்கு நற்றிணை 172-ஐக் கதையாகச் சொல்லுங்கள். மணலில் விளையாடிய பெண்கள் ஒரு புன்னை விதையைப் புதைத்து மறந்துபோனார்கள். அது முளைத்துவிட்டது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்தார்கள். உங்களைவிட இதுதான் உயர்ந்தது, உங்கள் உடன்பிறந்தவள் என்று அம்மா சொல்லிவிட்டாள். வளர்ந்த பிறகு அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறதாம், சகோதரி பார்க்கிறாளே! இந்தக் கடைசிப் பகுதியை ஒன்பது வயதுக்குச் சொல்லலாமா என்பது உங்கள் விருப்பம், என் வகுப்பில் நான் சொல்லியிருக்கிறேன், கொல்லென்று சிரித்தார்கள். 1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனைக்கு, இன்று ஜார்ஜ்டவுன் நிற்கும் இடத்துக்கு, அன்று தஞ்சோங் பெனாகா என்று பெயர். பெனாகா லாவுட் என்றால் நம் புன்னைதான். ஃபெர்ரியில் வரும்போது அந்தக் கரையைக் காட்டிச் சொல்லுங்கள்.

படத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், அது நகல் இல்லை, அசல். அவளிடம் கேட்டுத்தான் எடுத்து அனுப்பினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றால், கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். கடிதங்களை நான் படித்ததையும் சேர்த்து.